செங்கல் பெட்டியின் இடது பக்கம்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டை நானாக வாங்கவில்லை. பொள்ளாச்சியில் பிசியோதெரபி சென்டரில் வேலை பார்க்கும் ஹசீனா என்கிற பெண் கையில் திணித்தாள். தினமும் என்ன பயிற்சி செய்தேன், மனசு எப்படி இருந்தது என்று எழுத வேண்டுமாம். மனசு எப்படி இருக்கும்? இருபத்தாறு வருஷம் வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு பஸ் ஓட்டினவனிடம் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் மனசு எப்படி இருக்கும்?

பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தொன்று. ஊர் அங்கலக்குறிச்சி. ஏப்ரல் மாதம் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். கால் தேறிவிட்டது. கை முக்கால்வாசி தேறிவிட்டது. ஜூலை 18ஆம் தேதி மெடிக்கல் போர்டு. அவர்கள் தகுதி என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங் மறுபடி என் கையில். இல்லாவிட்டால் டிப்போவில் மாற்றுப் பணி என்று ஒரு ஸ்டூலைப் போடுவார்கள். வாசலில் உட்கார்ந்து வருகிற வண்டி, போகிற வண்டி நம்பரைக் குறிக்க வேண்டும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்த டிரைவர்கள் நாலு பேரை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்க்காத மாதிரிதான் நானும் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

பந்து அமுக்கினேன். கோபம்.

ஜூன் 7, வெள்ளி

இன்று புதிதாக ஒரு கேலிக்கூத்து. சென்டரின் மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நிற்கிறது. மூடிப்போன ஏதோ வீடியோ கேம் கடையிலிருந்து டாக்டர் வாங்கி வந்தாராம். இங்கே வருகிற எல்லோரும் அதைச் செங்கல் பெட்டி என்கிறார்கள். திரையின் மேல்பக்கம் எட்டு வரிசைச் செங்கல் சுவர். கீழே ஒரு சின்ன மட்டை. பெட்டியில் இருக்கிற குமிழைத் திருகினால் மட்டை இப்படியும் அப்படியும் நகரும். ஒரு பந்து மட்டையில் பட்டு மேலே போய் ஒரு கல்லை உடைக்கும், திரும்பி வரும். விட்டுவிட்டால் போச்சு. மூன்று பந்துதான். மஞ்சள் கல்லுக்கு ஒன்று, பச்சைக்கு மூன்று, ஆரஞ்சுக்கு ஐந்து, உச்சியில் இருக்கும் சிவப்புக்கு ஏழு. சுவர் முழுவதையும் உடைத்தால் 448.

"இடது கையால மட்டும் குமிழைத் திருகுங்க சார். மணிக்கட்டுக்கும் விரலுக்கும் இதை மாதிரிப் பயிற்சி கிடையாது. இருபது நிமிஷம் போதும்" என்றாள் ஹசீனா.

"ஏம்மா, பால்வாடிக்கு அனுப்ப வேண்டியதை எனக்குக் காட்டறியா?" என்றேன்.

முதல் ஆட்டத்தில் 41. அடுத்தது 58. அடுத்தது 37. பந்து நன்றாகத்தான் வருகிறது, பாதி வழியில் காணாமல் போகிறது. நான் மட்டையை எங்கே வைப்பது? பழைய டியூப், பழைய பெட்டி. குப்பைக்குப் போக வேண்டியதை நோயாளி தலையில் கட்டுகிறார்கள். நாற்பது நிமிஷம் கழித்து ஹசீனா வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

ஜூன் 8, சனி

மத்தியானம் தெய்வானையோடு சண்டை. பீன்ஸ் பொரியல் வாசம் வீடெல்லாம் வருகிறது, தட்டில் சோறும் குழம்பும் மட்டும்தான். "பொரியல் யாருக்கு, பக்கத்து வூட்டுக்கா?" என்று கத்தினேன். அவள் என் தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பினாள். பொரியல் இருக்கிறது. நான் கேட்ட பிறகுதான் வைத்திருக்கிறாள், கை அவ்வளவு வேகம். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு இந்தத் தட்டுத் திருப்பும் வேலை இப்போது எங்கிருந்து வந்தது?

ஜூன் 10, திங்கள்

என் கண்டக்டர் ஆறுச்சாமி பார்க்க வந்தான். பதினொரு வருஷம் ஒரே வண்டியில் ஒன்றாகப் போனவன். வந்ததும் சிரித்தான். "என்னங்ணா, ஒரு கன்னம் சவரம், ஒரு கன்னம் தாடி? புது பேஷனுங்களா?" பிளேடு மொக்கை என்றேன். தெய்வானை உள்ளே போய் வேறு பிளேடு எடுத்து வந்து மீதியை மழித்துவிட்டாள். ஆறுச்சாமி அப்புறம் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

என் வண்டியை இப்போது உடுமலைப் பையன் ஒருவன் ஓட்டுகிறானாம். ஒன்பதாவது வளைவில் கியரை மாற்றத் தெரியாமல் உறுமுகிறதாம். சொல்லும்போதே எனக்குக் கால் துடித்தது.

செங்கல் பெட்டி: 112.

ஜூன் 12, புதன்

பெட்டிக்கு வரிசை. வரிசையில் எனக்கு முன்னால் ரங்கநாயகி. மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருந்தவர், அறுபத்தாறு வயது. வலது கை விழுந்து எழுந்தது. அவர் ஆடி முடித்தால்தான் எனக்கு. அவர் முடிப்பதாக இல்லை. நின்று பார்த்தேன். பச்சைச் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மண்டியில் தார் பேரம் பேசுகிற கெடுபிடியோடு ஆடுகிறார். 448 அடித்துவிட்டார். உடனே அடுத்த சுவர் வந்தது. அதையும் பாதி உடைத்தார்.

டாக்டர் போன வருஷம் தொடுதிரைப் பலகை நாலு வாங்கி வைத்தாராம். பழம் வெட்டுவது, மிட்டாய் உடைப்பது, பாட்டு, வெடி எல்லாம் அதில் இருக்கிறது. அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. எல்லோருக்கும் இந்த மரப்பெட்டிதான் வேண்டும்.

"இதுல அப்படி என்னங்க இருக்குது?" என்று ரங்கநாயகியைக் கேட்டேன்.

"செவுத்துல ஒத்தைக் கல்லு பாக்கி நிக்கறப்ப உட்டுட்டு வூட்டுக்குப் போக மனசு வருமா தம்பி?" என்றார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

என் முறை வந்தது. நான் சுவருக்குப் பெயர் வைத்து ஆடினேன். மேலே சிவப்பு வரிசை டிப்போ மேனேஜர். ஆரஞ்சு, மெடிக்கல் போர்டு. பச்சை, அந்த உடுமலைப் பையன். மஞ்சள், எனக்குத் தெரியாமல் தட்டைத் திருப்புகிறவர்கள். ஒரு பந்து வலது ஓரத்தில் ஓட்டை போட்டு மேலே புகுந்துகொண்டது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் அதுவாகவே மோதி மோதி டிப்போ மேனேஜரைச் சரமாரியாக உடைத்தது. நான் குமிழைத் தொடவே இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். ஏப்ரலுக்குப் பிறகு சிரித்தது இன்றுதான் என்று தெய்வானையிடம் ஹசீனா சொன்னாளாம். இவள் யார் என் சிரிப்பை எண்ணுவதற்கு?

203.

ஜூன் 14, வெள்ளி

இன்று ஹசீனா என்னை ஏமாற்றப் பார்த்தாள். முழுவதும் எழுதுகிறேன், பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம்.

நான் ஆடும்போது எனக்குப் பின்னால் கட்டம் போட்ட தாளோடு நின்றாள். நான் விடுகிற ஒவ்வொரு பந்தும் எந்த இடத்தில் விழுந்ததோ அந்த இடத்தில் புள்ளி வைத்தாள். பத்து ஆட்டம், முப்பது பந்து. முடிந்ததும் தாளை என் முன்னால் வைத்து, "எத்தனை புள்ளி இருக்குது சார்?" என்று கேட்டாள். எண்ணினேன். நான்கு.

"நாலுதான் உட்டிருக்கேன். அப்பறம் எதுக்கு ஆட்டம் முடிஞ்சு முடிஞ்சு போச்சு? பெட்டி கோளாறு."

அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். ஒரு கொத்துப் புள்ளி நின்றது. எண்ணினால் இருபத்தாறு.

"இது வேற தாளு" என்றேன்.

"ஒரே தாளுதான் சார். இருபத்தாறு பந்து இடது பக்கம் விழுந்திருக்கு. உங்க கண்ணுல கோளாறு இல்லை. மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்கறதை விட்டுருச்சு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகத்துக்கு வராது. நோட்டுலகூடப் பாருங்க, வலது பாதியிலதான் எழுதறீங்க."

கண் டாக்டர் என் பார்வை நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்து அவள் மேஜையில் போட்டேன். சீட்டுக்கட்டை மாற்றி வைக்கிற வித்தையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நான் பார்க்காததா? போர்டுக்கு இவள் ஒரு ரிப்போர்ட் அனுப்பினால் என் கதை முடிந்தது. அதற்குத்தான் அடிபோடுகிறாள். நோட்டில் நான் எங்கே எழுதினால் இவளுக்கு என்ன?

ஜூன் 15, சனி

சென்டருக்குப் போகவில்லை. தெய்வானை கேட்டாள். கதவைச் சாத்தினேன்.

ஜூன் 17, திங்கள்

போகவில்லை. விரல்கள் மட்டும் குமிழைத் தேடுகின்றன. சோற்றைப் பிசையும்போதுகூடச் சுவர் கண்ணுக்குள் வருகிறது. ஒரு பந்து, ஒரு மட்டை, ஒரு சுவர். இதை யோசித்துச் செய்தவன் நாசமாய்ப் போக.

ஜூன் 19, புதன்

நான் ஓட்டுவேன் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தெய்வானை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மொபெட்டை எடுத்தேன். ஆழியாறு ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். காற்று முகத்தில் அடித்தது. உயிர் வந்தது.

திரும்பி வரும்போது ஒரு சின்ன உரசல். பால் சொசைட்டிக்குக் கேனோடு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை திடீரென்று வண்டிக்குக் குறுக்கே வந்துவிட்டாள். தரையிலிருந்து முளைத்த மாதிரி வந்தாள். கேன் சாய்ந்து பால் பூராவும் ரோட்டில் ஓடியது. அவள் முழங்காலில் கொஞ்சம் தோல் உரிந்தது. நான் திட்டினேன். அவளும் விடவில்லை.

"நானு ஓரமா நேராத்தானுங்க போயிட்டிருக்கறேன். அவ்வளவு தூரத்துல இருந்து பாத்துட்டே வந்து ஏத்தறீங்களே, கண்ணு தெரியாதுங்களா?"

ரோட்டில் நடக்கத் தெரியாதவர்கள். குற்றம் அவள் மேல்தான்.

ஜூன் 20, வியாழன்

முழங்கை வீங்கியிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். மொபெட்டின் இடது கண்ணாடி உடைந்திருப்பதை தெய்வானை இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

பார்த்துவிட்டாள். சாவியை எடுத்து ஒளித்துவிட்டாள். எங்கே என்று கேட்டால் அரிசி கழுவுகிறாள்.

ஜூன் 24, திங்கள்

போனேன். ஹசீனாவுக்காக இல்லை, பெட்டிக்காக. 288 வரை போனேன். பிறகு கடைசிப் பந்து காணாமல் போயிற்று.

பின்னால் நின்ற ரங்கநாயகிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏந் தம்பி, பந்து அக்கட்டால போறப்ப நீங்க அந்தப் பக்கமே திரும்பறதில்லையே. மட்டை இங்கயே நிக்குது, பந்து அங்க உழுவுது. எங்களுக்கெல்லாம் வயிறு எரியுது."

"உங்க வேலையப் பாருங்க" என்றேன். அவர் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, நான் இல்லாதபோது எல்லோரும் இதைப் பேசியிருக்கிறார்கள்.

ஜூன் 27, வியாழன்

தெய்வானை காலையிலேயே ஒரு கல்யாணத்துக்கு உடுமலை போய்விட்டாள். எனக்குத் தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். வீட்டில் நான் ஒருவன்தான். கதவு உள்தாழ்ப்பாள்.

மூடியை எடுத்துச் சாப்பிட்டேன். பாதி வயிறுகூட நிறையவில்லை. ஊருக்குப் போகிற அவசரத்தில் பூனைக்கு வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுத் திட்டலாம் என்று எழுந்தேன். செல்போன் மேஜைக்கு அந்தப் பக்கம், ஜன்னலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றிப் போய் எடுத்தேன். நம்பரைப் போட்டுக்கொண்டே அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டைப் பார்த்தேன்.

தட்டில் பாதி சோறு இருந்தது. கத்தரிக்காய், அப்பளம், ஓரத்தில் ஊறுகாய். கத்தியால் கோடு போட்டுப் பிரித்த மாதிரி ஒரு பாதி வழித்துத் துடைத்திருக்கிறது, ஒரு பாதி கை படாமல் இருக்கிறது.

யாரும் தட்டைத் திருப்பவில்லை. யாரும் தாளை மாற்றவில்லை. நான் எழுந்து பழைய நாற்காலிக்குப் போனேன். தட்டு காலி. மறுபடி இந்தப் பக்கம் வந்தேன். பாதி சோறு. நாலு தடவை நடந்தேன். நாலு தடவையும் அப்படித்தான்.

போனில் தெய்வானை "என்னுங்க? என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு பொறுக்கிக் கழுவித் தரையைத் துடைத்தேன். துடைக்கும்போது அந்தப் பால்காரப் பெண் ஞாபகம் வந்தது. அவள் முளைத்து வரவில்லை. அவள் பாட்டுக்கு ரோட்டோரம் நேராக நடந்து போயிருக்கிறாள். நான்தான் அவ்வளவு தூரமும் அவளைப் பார்க்காமலே வந்து மேலே ஏற்றியிருக்கிறேன். கீழே விழுந்தவளைத் திட்டவும் செய்திருக்கிறேன். ஈனப்பயல் நான்.

இந்த நோட்டையும் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பாதி வெள்ளையாக இருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

ஹசீனாவிடம் போய் நின்றேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. "இதுக்கு என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் காத்திருந்தவள் மாதிரி உடனே எழுந்தாள்.

திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே சிவப்பு டேப் ஒட்டினாள். "ஒவ்வொரு தடவை பந்து மேல போறப்பவும் இந்த டேப்பு தெரியற வரைக்கும் தலையத் திருப்புங்க. கண்ணை இல்லை, தலையை. டேப்பு தெரிஞ்சா இடது பக்கம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

திருப்பினேன். முதலில் டேப்பே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் சொல்லச் சொல்ல, கழுத்து வலிக்கிற அளவு திருப்பிய பிறகு சிவப்பாக ஒரு கோடு வந்தது. அவ்வளவு அகலமான திரையா அது? ஒரு மாதம் பாதிச் சுவரை வைத்துக்கொண்டு முழுச் சுவர் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

139. இதுவரை ஆடியதில் இதுதான் கஷ்டம்.

ஜூலை 5, வெள்ளி

391. தெய்வானையிடம் பால்காரப் பெண் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியும். உடைந்த கண்ணாடியைப் பார்த்த அன்றே ஊரில் விசாரித்து அந்தப் பெண் வீட்டுக்குப் போய் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன். நான் போய் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இந்தப் பெட்டியை ஏன் விட முடியவில்லை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். இதில் கதை இல்லை, வில்லன் இல்லை. பந்து பொய் சொல்லாது. பட்ட இடத்துக்கு ஏற்ற மாதிரிதான் திரும்பி வரும், தினமும் அப்படித்தான் வரும். விட்டால் விட்டவன் நான். டிப்போவில், வீட்டில், ரோட்டில் எங்கே தப்பு நடந்தாலும் எனக்குத் திட்ட ஓர் ஆள் கிடைத்துவிடும். இங்கே ஆளே இல்லை. குமிழைப் பிடித்தவன் மட்டும்தான். அதனால்தான் அதன் மேல் அவ்வளவு ஆத்திரம் வருகிறது, அதனால்தான் மறுபடி போய் நிற்கவும் தோன்றுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

448.

கடைசிக் கல் இடது மூலையில், மஞ்சள். பந்து அதைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. சென்டரே என் பின்னால் நின்றது. ரங்கநாயகி, "தலை, தலை, தலையத் திருப்புங்க" என்று பாடம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்தது. கை தட்டினார்கள். ரங்கநாயகி தன் நல்ல கையால் என் முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது, மண்டிக்காரக் கை.

இன்னும் ஒன்பது நாள். போர்டைக் கண்டு எனக்கு இனி பயமில்லை.

ஜூலை 11, வியாழன்

ஹசீனா மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த நோட்டு போதாது.

இன்றும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். முதல் பந்திலேயே 300 தாண்டியாயிற்று. பக்கத்தில் வந்து நின்று பேச்சுக் கொடுத்தாள். "சார், வால்பாறை பஸ்ஸு காலைல முதல் டிரிப்பு எத்தனை மணிக்கு?" சொன்னேன். "மழை பெஞ்சா எந்த வளைவு சார் மோசம்?" சொன்னேன். அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? சொல்லி முடிப்பதற்குள் மூன்று பந்தும் போய்விட்டது. மூன்றும் டேப் பக்கம்.

"எதுக்கும்மா ஆடறப்ப பேச்சுக் கொடுக்கறே? அறிவு இருக்கா?" என்று கத்தினேன்.

அவள் கண் கலங்கிவிட்டது, ஆனால் நகரவில்லை. "பஸ்ஸுல யாரும் உங்ககிட்டப் பேச மாட்டாங்களா சார்?"

திரும்ப ஆடினேன். பேசச் சொன்னேன். போயிற்று. இன்னொரு தடவை. போயிற்று. யாரும் பேசாவிட்டால் 448. யாராவது வாயைத் திறந்தால் என் இடது பக்கம் இல்லை. ஆறு ஆட்டம் ஆடினேன், ஆறும் அப்படியே.

"நாளாக ஆக இன்னும் தேறும் சார். ஆனா எவ்வளவு தேறும், எப்பத் தேறும்னு என்னால சொல்ல முடியாது. போர்டுக்கு நான் ஒண்ணும் எழுதப் போறதில்லை. அவங்க என்கிட்டக் கேக்கவும் மாட்டாங்க. நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் பண்ணினேன்."

தெரிந்து என்ன செய்ய?

ஜூலை 15, திங்கள்

ஆறுச்சாமி வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போர்டு ரூமுல யாருங்ணா பேசப் போறாங்க? தலையத் திருப்பிட்டே இருங்க, பாஸ் போட்டுத் தாட்டி உட்ருவாங்க. வண்டியில நான் பாத்துக்கறேன். இடது பக்கம் ஏதாச்சும் வந்தா விசில் குடுக்கறேன்" என்றான். அவன் எனக்காகத்தான் சொன்னான். எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவன் போன பிறகு தெய்வானையிடம் கேட்டேன். "நான் ஓட்டினா நீ ஏறுவியா?"

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏறுவனுங்க."

"நெசமாவா?"

"நீங்க ஓட்டறீங்கன்னா நான் ஏறித்தான் ஆவணும். ஆனா கௌரிய ஏத்தி உட மாட்டனுங்க."

கௌரி எங்கள் மகள். வால்பாறையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாதம் இரண்டு தடவை அந்த ரோட்டில் வருகிறாள், போகிறாள். நான் ஓட்டிய வண்டியில்தான் கல்யாணமாகிப் போனாள்.

ராத்திரிச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெய்வானை மேல் கோபம். அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம்.

ஜூலை 17, புதன்

நாளை. சட்டை இஸ்திரி போட்டாயிற்று. தலையைத் திருப்புவேன், பாஸ் பண்ணுவேன். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருபத்தாறு வருஷம் ஓட்டினவனுக்கு அதற்குக்கூட உரிமை இல்லையா?

ஜூலை 18, வியாழன்

மூன்று டாக்டர்கள். ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாத அறை. தெய்வானையை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். எழுத்துப் பலகையைப் படித்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து என் முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து, எந்தப் பக்கம் விரல் ஆடுகிறதோ அதைச் சொல்லச் சொன்னார். முகத்தை மட்டும் பார்க்க வேண்டும், தலையைத் திருப்பக் கூடாது என்றார். ஆனால் இரண்டரை வாரமாக நான் செய்ததெல்லாம் அந்தப் பக்கத்தை நினைப்பதுதானே. மூச்சைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் வேறு எதையும் நினைக்காமல், இடது, இடது, இடது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். வலது என்றேன். இடது என்றேன். இரண்டும் என்றேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நல்லா ரெகவர் ஆயிட்டீங்க" என்று அவர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு லேசா? ஐம்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவனுக்கு இவ்வளவுதானா பரீட்சை? ஹசீனா ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை இவர்கள் மூன்று பேர் சேர்ந்து கண்டுபிடிக்க மாட்டார்களா? இவர்கள் கண்டுபிடித்திருந்தால் நான் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இப்போது அதை நான் அல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது!

"சார், கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். குரல் தேவைக்கு மேலேயே வந்துவிட்டது. "என்கிட்டப் பேச்சுக் கொடுத்துட்டே டெஸ்ட் பண்ணுங்க."

"அப்படி ஒண்ணும் முறை இல்லப்பா."

"முறையாவது மண்ணாவது! பஸ்ஸுல பேசுவாங்க சார். சில்லறை கேப்பாங்க, ஸ்டாப்பு கேப்பாங்க, பின்னாடி குழந்தை அழுவும். பேசிட்டே டெஸ்ட் பண்ணுங்க!"

ஓரத்தில் இருந்த டாக்டர் ஆளை வெளியே அனுப்பிவிடலாம் என்கிற மாதிரி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். மறுபடி கையை விரித்துக்கொண்டு நின்றார். "சரி. உங்க ரூட்டுல ஸ்டாப்பிங் எல்லாம் வரிசையாச் சொல்லுங்க. சொல்லிட்டே என் விரலையும் பாருங்க."

சொன்னேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பொள்ளாச்சி, கோட்டூர், அங்கலக்குறிச்சி, ஆழியாறு. செக்போஸ்ட்டில் எத்தனை நிமிஷம் நிற்கும், குரங்கு அருவியில் யார் ஏறுவார்கள், அட்டகட்டியில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், பனி இறங்கினால் எந்த வளைவில் லைட்டைப் போட வேண்டும் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். வாட்டர்ஃபால்ஸ், ரொட்டிக்கடை, வால்பாறை. ஓட்டிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. முடித்துவிட்டு, "எப்ப சார் விரலை ஆட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க ஆழியாறு சொன்னதுல இருந்து ஆட்டிட்டுதான் இருக்கறேன்" என்றார். இடது பக்கம்.

பெரியவர் போய் உட்கார்ந்தார். பிறகு எழுதினார்கள். ஓட்டத் தகுதி இல்லை, மாற்றுப் பணி. பெரியவர் தாளை என்னிடம் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பெஞ்சில் தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஓட்ட முடியாதே என்றுதான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் கத்தினது வெளியே வரைக்கும் கேட்டிருக்கிறது.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வால்பாறை வண்டி நின்றது. என் வண்டி. ஸ்டியரிங்கில் அந்த உடுமலைப் பையன். ஏறினோம். உள்ளே பாதி முகம் தெரிந்த முகம், எஸ்டேட் ஆட்கள், வாத்தியார் ஒருவர், டிப்போ மெக்கானிக் இருவர். ஆறுச்சாமி என்னைப் பார்த்ததும் பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணன் பாஸாயிட்டு வந்துட்டாருடா! எப்பங்ணா டூட்டிக்கு?" என்றான். வண்டியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பையன் மரியாதைக்குச் சீட்டிலிருந்து எழப் பார்த்தான்.

"உக்காரு, வண்டிய எடு" என்றேன் அவனிடம். பிறகு ஆறுச்சாமியைப் பார்த்து, அவன் சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன். "இனி ஓட்ட மாட்டேன். எனக்கு இடது பக்கம் தெரியாது."

ஆறுச்சாமி இரண்டு டிக்கெட் கிழித்து தெய்வானை கையில் கொடுத்தான். விசில் ஊதினான். வண்டி கிளம்பியது.